நத்தை சொல்லாத சொல்

கோரைக்குளத்தின் தென்கரையில் ஒரு கானாங்கோழி இருந்தாள். பெயர் பூவரசி. முகமும் மார்பும் வெள்ளை, முதுகு கறுப்பு.

கானாங்கோழிகளுக்குக் கூச்சம் பிறவிக் குணம். பூவரசிக்கோ அந்தக் குலத்திலேயே கொஞ்சம் அதிகம். எதிர்க்கரையில் யாராவது தும்மினால்கூடக் கோரைக்குள் ஓடி ஒளிந்துவிடுவாள். அவள் வீட்டுக்கு இரண்டு வழிகள். முன்வாசலில் ஈரச் சேறு, திறந்த வெளி. பின்வழி கோரைக்குள்ளேயே வளைந்து வளைந்து போய் மருத மரத்தடியில் முடியும். அவள் போவதும் வருவதும் பின்வழியில்தான். முன்வாசலை மிதித்துப் பல மாதம் ஆகிவிட்டது.

இப்படிப்பட்டவளுக்குக் காதல் வந்தது!

யார் மேல்? ஐப்பசியில் வடக்கேயிருந்து கூட்டத்தோடு வந்து இறங்கிய ஓர் ஊசிவால் வாத்து மேல். அவன் பெயர் வடவன். மற்ற வாத்துகள் கேட்காமல் கொள்ளாமல் கண்ட இடத்தில் மேயும். இவன் மட்டும் கோரை ஓரம் வந்தால், "இங்க மேயலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீரில் தலையை விடுவான். தண்ணீர் குடித்ததும் மூன்று தரம் தலையை உதறுவான். வெயில் சாய்ந்தால் வடக்கே பார்த்துக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பான். இதையெல்லாம் பூவரசி கோரை இடுக்கு வழியாகவே பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டாள்.

பேச்சு என்று பார்த்தால் இவ்வளவுதான்:

"தண்ணி சில்லுனு இருக்கு."

"ஆமாங்க."

அந்த 'ஆமாங்க'வைச் சொல்லிவிட்டு அவள் இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை.

வாயால் சொல்ல வரவில்லை. அதனால் கதையாக எழுதினாள். காய்ந்த தாமரை இலையில் அலகால் குத்திக் குத்தி எழுதினாள். ஒரு நத்தை ஒரு தும்பியைக் காதலிக்கும் கதை. நத்தை யாரிடமும் சொல்லவில்லை, தும்பியிடமும் சொல்லவில்லை. அந்தத் தும்பி ஒரு புல்லில் உட்காருமுன் மூன்று தரம் சிறகை உதறும். வெயில் சாய்ந்தால் வடக்கே பார்த்து நிற்கும். 'தன் பழக்கம் அவருக்கே தெரியாதா என்ன! கேட்டதும் புரிந்துகொள்வார்!' என்று பூவரசி நினைத்தாள்.

எழுதிய இலையைப் பின்வழியாகக் கொண்டுபோய், யாரும் பார்க்காதபோது மருத மரப் பொந்தில் வைத்தாள்.

அந்தப் பொந்தில் இருந்தவள் சிட்டிகை என்ற அணில். கொட்டைகளைத் தவிர வேறு எதையும் ஒளித்து வைக்கத் தெரியாதவள். அன்று மாலையே குளத்தையெல்லாம் கூட்டி இலையைச் சத்தமாகப் படித்தாள். எழுதியது யாரென்று அவளுக்கும் தெரியாது.

படித்து முடித்ததும் ஒரு சட்டம் போட்டாள். "கேட்டவங்க எல்லாரும் இந்த மரத்துல கருத்துச் சொல்லணும்! பிடிச்சிருந்தா மூணு கீறல், பிடிக்கலேன்னா ஒரு கீறல். வாயால சொல்றதெல்லாம் காத்தோட போயிடும், கணக்குல வராது!"

மூன்று நாளுக்கு ஓர் இலை வந்தது. இலை வரும் நாளில் குளத்தில் வேறு வேலை நடக்கவில்லை.

"ஐயோ, இந்த நத்தை நானேதான்!" என்று அழுதாள் தங்கலட்சுமி என்ற மைனா. "என் மனசுக்குள்ள புகுந்து பார்த்த மாதிரி எழுதியிருக்காங்களே! சிட்டிகை அக்கா, அந்த இடத்தை இன்னொரு தரம் படிங்க!"

"நத்தையும் ஊருது, கதையும் ஊருது!" என்றார் மாரிமுத்து என்ற தவளை. "பிடிச்சிருந்தா நேராப் போய்ச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! இதுக்கு எதுக்கு இத்தனை இலை?"

இப்படிச் சொன்னவர் மூன்று மழைக்காலமாக எதிர்க்கல்லில் உட்காரும் ஒரு தவளையம்மாவிடம் "இன்னிக்கு மழை வரும் போலிருக்கு" என்பதைத் தவிர ஒன்றும் பேசியதில்லை. ஊருக்கு உபதேசம் செய்ய அது ஒரு தடையா என்ன? காலில் நகம் இல்லாத அவருக்காகச் சிட்டிகையே ஒற்றைக் கீறல் போட்டுவிடுவாள். ஆனால் ஒரு நாள்கூட அவர் கதை கேட்க வராமல் இருந்ததில்லை.

எல்லோரும் நத்தைக்குள் தங்களையே பார்த்தார்கள். அந்தத் தும்பி யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பூவரசிக்கு வேண்டியது ஒரே ஒருவரின் கருத்து. வடவன் ஒவ்வொரு தடவையும் கரையோரத் தண்ணீரில் மிதந்தபடி கதை கேட்டதை அவள் பார்த்தாள். மறுநாள் விடியும்போது பின்வழியாக மரத்தடிக்குப் போய் ஒவ்வொரு கீறலாகத் தேடுவாள். மைனாவின் மெல்லிய கீறல் இருக்கும். கொக்கின் நீளக் கீறல் இருக்கும். வாத்தின் கீறல் மட்டும் இருக்காது.

வாத்தின் காலில் சவ்வு இருக்கிறது, அதை வைத்து மரத்தில் ஏறிக் கீற முடியாது என்பது குளத்து மீன் குஞ்சுக்கும் தெரியும். காதலில் கிடந்தவளுக்கு மட்டும் அது தோன்றவில்லை. 'அவருக்குப் பிடிக்கல' என்று மனம் வாடித் திரும்பிவிடுவாள். மூன்றாம் நாள் அடுத்த இலையை இன்னும் உருகி எழுதுவாள்.

பங்குனி பிறந்தது. வெயில் ஏறியது. வாத்துகள் இறகுகளைக் கோதிச் சரிசெய்யத் தொடங்கின.

ஒரு காலையில் வடவன் கோரை ஓரம் வந்தான். பூவரசி ஓடவில்லை. கால்கள் ஓடப் பார்த்தன, அவள் விடவில்லை.

"நாளைக்கு மறுநாள் கிளம்புறோம்" என்றான் வடவன்.

"அடுத்த வருஷம் வருவீங்கல்ல?"

"அது எங்க கையில இல்ல. கிளம்பும்போது எங்க தலைவர் ஒவ்வொருத்தரையும் கேட்பார். 'இந்தக் குளத்துல உன்னை வான்னு சொன்னவங்க உண்டா?' அப்படின்னு. ஒருத்தர் உண்டுன்னு சொன்னாப் போதும். மறு வருஷம் கூட்டம் முழுக்க இங்கதான் இறங்கும். யாருமே சொல்லலேன்னா வேற குளம்."

வா. ஒரே ஓர் எழுத்து. பூவரசியின் தொண்டை வரை வந்தது. அங்கேயே நின்றது.

"அந்த... நத்தைக் கதை கேட்டீங்களா?" என்றாள்.

"ஒரு நாள்கூட விட்டதில்ல."

"பிடிச்சுதா?"

வடவன் அவளையே பார்த்தான். "முடிவு தெரியாம எப்படிச் சொல்றது? கடைசியில அந்த நத்தை சொல்லுமா, பூவரசி?"

"எனக்கெப்படித் தெரியும்! நானா எழுதினேன்?" என்று கத்திவிட்டு அவள் கோரைக்குள் ஓடிவிட்டாள்.

ஓடிய வேகத்திலேயே வடவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

அன்று மாலை சிட்டிகை படித்த இலையில், நத்தை ஒரு புல்லின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. உச்சியில் தும்பி உட்கார்ந்திருந்தது. விடிந்தால் தும்பி ஊரை விட்டுப் போகிறது. அதோடு இலை முடிந்தது.

"நத்தை சொல்லணுமா, சொல்லக் கூடாதா?" என்று சிட்டிகை கூவினாள். "சொல்லணும்னா மூணு கீறல்! கூடாதுன்னா ஒரு கீறல்! கதை எழுதுறவங்க வந்து பார்க்கட்டும்!"

"சொல்லவே கூடாது!" என்றாள் தங்கலட்சுமி. "சொல்லாத காதல்தான் சாகாத காதல்!"

"ஆமா ஆமா!" என்றார் மாரிமுத்து. "சேர்ந்துட்டா அப்புறம் என்ன கதை? சப்புன்னு போயிடும்! நத்தை அழணும், நாமளும் அழணும்!"

"நீங்கதானே அண்ணே, போய்ச் சொல்லித் தொலைன்னு கத்துனீங்க?" என்றாள் சிட்டிகை.

"அது போன மாசம்!"

எல்லோரும் மரத்தைச் சூழ்ந்து கீறினார்கள். வடவன் மட்டும் தண்ணீரை விட்டு ஏறித் தென்கரைப் பக்கம் தத்தித் தத்தி நடந்தான். பூவரசியின் முன்வாசலில் நின்றான். உள்ளே ஆள் இல்லை. அவள் பின்வழியில், மரத்தடிக் கோரைக்குள் ஒளிந்துகொண்டு கூட்டத்தின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் தன் கருத்தை ஈரச் சேற்றில் அழுத்தி எழுதிவிட்டுப் போனான். 'காலையில வெளிய வந்தாப் பார்ப்பா' என்று நினைத்துக்கொண்டான்.

உண்மையைச் சொன்னால், கடைசி இலையைப் பூவரசி முன்பே எழுதி வைத்திருந்தாள். அதில் நத்தை உச்சிக்கு ஏறி, தும்பியைப் பார்த்து "வா" என்று சொல்லும். அதைச் சிட்டிகை சத்தமாகப் படிப்பாள். வடவன் கேட்பான். தலைவர் கேட்கும்போது "உண்டு" என்பான். நேரில் சொல்ல முடியாததைக் கதையாவது சொல்லிவிடும். அவள் போட்டிருந்த கணக்கு அதுதான்.

விடியற்காலையில் வழக்கம்போலப் பின்வழியாக மரத்தடிக்குப் போனாள். மரம் முழுக்க ஒற்றைக் கீறல்கள். அவள் அதற்குக்கூடக் கலங்கவில்லை. ஒரே ஒரு வாத்துக்கால் கீறலைத் தேடினாள். மரத்தை மூன்று தரம் சுற்றிவந்து தேடினாள். இல்லை.

'நத்தை சொன்னா என்ன, சொல்லாட்டி என்னன்னு இருக்கார். ஊருக்கு இருக்கிற அக்கறைகூட அவருக்கு இல்ல.'

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள், அதே பின்வழியில். எழுதி வைத்த இலையைக் கிழித்துப் போட்டாள். புதிய இலையில் ஊர் கேட்ட முடிவை எழுதினாள். நத்தை உச்சிக்கு ஏறியது. வாய் திறந்தது. ஒன்றும் சொல்லாமல் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது. தும்பி பறந்து போனது.

அன்று மாலை சிட்டிகை படித்து முடித்தபோது குளமே விம்மியது. தங்கலட்சுமி மயங்கி விழாத குறை. மாரிமுத்து தண்ணீருக்குள் முங்கி முங்கி எழுந்தார், கண்ணீர் தெரியக் கூடாதாம்! மரத்தில் மூன்று கீறலுக்குப் பதில் முப்பது கீறல் போட்டவர்களும் உண்டு.

வடவன் அழவில்லை. "இதுதான் முடிவா?" என்று கேட்டான்.

"இதேதான்! எவ்வளவு அழகு!" என்றாள் சிட்டிகை.

"ஆமா, அழகுதான்" என்றான் அவன். தன் கருத்தைப் படித்துவிட்டுத்தான் பூவரசி இப்படிப் பதில் சொல்லியிருக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை வாத்துகள் வரிசையாக நின்றன. தலைவர் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்தார்.

"உன்னை வான்னு சொன்னவங்க உண்டா?"

"இல்ல."

"உன்னை?"

"இல்ல."

வடவன் முறை வந்தது. அவன் தென்கரையைப் பார்த்தான். கோரை அசையவில்லை. உள்ளே பூவரசி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், தான் அங்கே நிற்பது தெரிந்துவிடக் கூடாதே என்று. அசைந்திருந்தால்கூடப் போதும். அவன் வெகு நேரம் பார்த்தான்.

"வடவா, உன்னைத்தான் கேட்கிறேன்!"

"இல்ல" என்றான்.

கூட்டம் எழும்பியது. குளத்தை ஒரு வட்டம் அடித்து வடக்கே போய்விட்டது.

பூவரசி நான்கு நாள் வெளியே வரவில்லை. ஐந்தாம் நாள் பசி தாங்கவில்லை. பின்வழியில் எட்டிப் பார்த்தால், மரத்தடியில் கூட்டம் இன்னும் நத்தைக்காக அழுதுகொண்டிருந்தது. அந்த அழுகையைக் கேட்க அவளுக்குப் பொறுக்கவில்லை. திரும்பி, மாதக்கணக்கில் மிதிக்காத முன்வாசலில் கால் வைத்தாள்.

பங்குனி வெயிலில் சேறு செங்கல்லாகக் காய்ந்திருந்தது. அதில் வாத்துக்கால் தடங்கள். வரிசையாக, ஆழமாக, ஓர் எழுத்துகூட அழியாமல்.

'எனக்கு மரம் கீற வராது. அதனால் உன் வாசலில் எழுதுகிறேன். நத்தை வா என்று சொல்லட்டும். ஒரு தடவை போதும்.'

பூவரசி அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு திறந்த வெளிக்கு ஓடினாள். குளத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, வடக்கே கழுத்தை நீட்டிக் கத்தினாள்.

"வா!"

வானத்தில் ஒரு காக்கைகூட இல்லை.

ஐப்பசி வந்தது. மழை வந்தது. முன்வாசல் எழுத்து கரைந்து போனது. வாத்துக் கூட்டங்கள் உயர உயரப் பறந்து வேறு வேறு குளங்களுக்குப் போயின. பூவரசி நடுவாசலில் நனைந்தபடி நின்று, ஒவ்வொரு கூட்டத்தையும் பார்த்து "வா! வா! வா!" என்று கத்தினாள். காலையில் தொடங்கினால் மாலை வரை அதே சொல்தான். கூச்சம் போன இடம் தெரியவில்லை.

சிட்டிகை காலிப் பொந்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "நத்தைக் கதை எழுதினவங்க அடுத்த கதையை எப்பத்தான் வைப்பாங்களோ!"

"முதல்ல இந்தக் கானாங்கோழியை நிறுத்தச் சொல்லுங்க!" என்று சலித்துக்கொண்டார் மாரிமுத்து. "விடிஞ்சதுலேர்ந்து ஒரே சொல்லு! கதையும் இல்ல, திருப்பமும் இல்ல! இதுக்கெல்லாம் யார் கீறல் போடுவா?"

யாரும் போடவில்லை. பூவரசியும் மரத்தைப் போய்ப் பார்க்கவில்லை. இன்னொரு கூட்டம் வருகிறதா என்று வடக்கே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீதி: ஒருவரிடம் சொல்ல வேண்டியதை ஊருக்குக் கதையாகச் சொன்னால், ஊரின் கண்ணீர் கிடைக்கும், அந்த ஒருவர் கிடைக்கமாட்டார்.