தொட்ட நத்தை

அருளப்பன் ஐம்பது வயதில் ஆராய்ச்சி மாணவரானவர். கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுத்துக்கொண்டே பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறார். அவருடைய வழிகாட்டி தமயந்தி வயதில் மிகவும் இளையவர். இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார். ஆய்வகத்துப் பிள்ளைகள் இதை வைத்து இருவரையும் ஓட்டுவார்கள்.

அங்கே நத்தைகளை வைத்து ஞாபகம் எப்படி அழிகிறது என்று ஆராய்ந்தார்கள். மற்றவர்கள் பட்டத்துக்காக நத்தை வளர்த்தார்கள். அருளப்பனுக்குப் பட்டம் ஒரு சாக்கு. அவர் ஓட்டிய பைக்கின் பின்னாலிருந்து விழுந்துதான் அவருடைய மகன் இறந்தான். வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. ஆய்வகத்தில் தமயந்திக்கு மட்டும் விபத்து பற்றித் தெரியும். அந்த நொடியை மறக்க வழி உண்டா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

அன்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

“மருந்து வேலை செய்யல மேடம். எல்லா நத்தையும் ஞாபகம் வச்சிருக்கு.”

தூரிகையால் தொடும்போதெல்லாம் லேசாக மின்சாரம் கொடுத்துப் பழக்கிய நத்தைகள் அவை. அவற்றின் நரம்புகள் இப்போது வெறும் தூரிகைக்கே சட்டென்று தூண்டப்பட, நத்தைகள் ஓட்டுக்குள் போய்விடுகின்றன. நரம்பில் புதுப் புரதம் உருவாகாமல் தடுக்கும் மருந்தை ஊசியில் ஏற்றியும் பயனில்லை.

“ஊசிக்கு முன்னாடி தூரிகையால தொட்டீங்களா சார்?” என்று தமயந்தி கேட்டார்.

“இல்ல.”

“செய்முறையில இருக்கே.”

“பாவம் மேடம். பட்டது போதும்னு விட்டுட்டேன்.”

இத்தனை வருடம் மாணவர்களுக்குத் தவளை அறுக்கச் சொல்லிக்கொடுத்த மனிதர், நத்தைக்கு இரக்கப்பட்டிருக்கிறார்.

தமயந்தி திட்டவில்லை. ஒரு நத்தையை எடுத்துத் தூரிகையால் தொட்டார். வெடுக்கென்று உள்ளே போனது. உடனே ஊசி போட்டுத் தனித் தொட்டியில் விட்டார்.

மறுநாள் அந்த நத்தையை அருளப்பனே தொட்டார். கொம்பைக்கூட மடக்காமல் அது கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்தது.

“எப்படி மேடம்?”

“சும்மா கிடக்கிற ஞாபகத்தை மருந்து ஒண்ணும் செய்யாது சார். தொட்டு எழுப்பினா இளகும். திரும்ப இறுகணும்னா நரம்பு புதுசா புரதம் கட்டணும். மாத்தறதுன்னா அந்த நேரத்துலதான் மாத்த முடியும்.”

அருளப்பன் தூரிகையை மேசையில் வைத்தார்.

“மனுஷனுக்கு இந்த மருந்து எப்ப மேடம் வரும்?”

தமயந்தி தூரிகையைக் கழுவி வைத்தார். ஒரு ஸ்டூலை இழுத்து அவர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

“அது எனக்குத் தெரியாது சார். பையன் பேர் என்ன?”