அமெரிக்காவில் இன்னும் வியாழக்கிழமை

நூல் மில் மேனேஜர் சிகாமணி ராகு காலத்தில் தும்மக்கூட யோசிப்பார். அந்த வெள்ளிக்கிழமை, ஆபீஸ் கம்ப்யூட்டரில் புது ஆபரேட்டிங் சிஸ்டம் டவுன்லோடு ஆகி முடியவும் பத்தரை மணிக்கு ராகு காலம் பிறக்கவும் சரியாக இருந்தது.

"பன்னிரண்டு மணிக்கு முதலாளி வர்றார். அதுக்குள்ள இன்ஸ்டால் ஆகியிருக்கணும். ராகு காலத்துல தொடவும் கூடாது. எது தப்பினாலும் உனக்கு வேலை இல்லை" என்றார் ஆபரேட்டர் மரகதத்திடம்.

எந்த நாடு என்று திரை கேட்டது. மரகதம் பட்டியலில் இருந்த அமெரிக்காவைக் காட்டினாள்.

"சார், அங்கே இன்னும் வியாழக்கிழமை ராத்திரிதான்."

மேனேஜர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்போ ராகு காலம் இல்லையே! நடத்து."

வேலை முடிந்தது. முதலாளியின் பாராட்டை மேனேஜரே வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மரகதம் பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்தாள்.

"மணி என்ன தெரியுமா?" என்று மேனேஜர் சீறினார்.

மரகதம் திரையின் மூலையில் ஓடிய அமெரிக்க மணியைக் காட்டினாள்.

"நேற்று ராத்திரிதான் சார். இன்னும் விடியவே இல்லை, அதுக்குள்ள வந்துட்டேன்."