நாடோடி வாயுவும் ஒரு செம்புத் தண்ணீரும்

அந்த மலை மடத்தில் ஒரு வழக்கம். பொழுது சாயும்போது ஒவ்வொருவரும் இரு கை நிறையத் தண்ணீர் அள்ளி மேற்கே பார்த்து வீச வேண்டும். சூரியனை வழிமறிக்கிற பகைவரை அது விரட்டும் என்பார்கள்.

தில்லைவனம் தலை நரைக்கும்வரை ஒரு நாள் தவறாமல் வீசினவர். அன்று மட்டும் செம்பைக் கொண்டுவந்து குருவின் முன்னால் ணங்கென்று வைத்தார். குரு ஆதிரை அம்மை, அவரைவிட வயதில் இளையவர். தினை புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தில் பாதிக்கு மேல் பதர்.

"இனி வீசமாட்டேன், அம்மை. மடத்தை விட்டே கிளம்புகிறேன்."

"செம்பு நசுங்கும். மெதுவாக வையும்."

"கேலி வேண்டாம். சூரியன் தன் மூச்சை ஊதி ஊதி நம்மைச் சுற்றிக் கூடாரம் போட்டிருக்கிறான், வெளியே திரிகிற வாயு உள்ளே வராது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"அடர்ந்த வாயுமேகத்துக்குள் அவனே போய் நுழைந்தால் கூடாரம் சுருங்கும் என்றும் சொன்னேன். நீர் அப்போது தூங்கிவிட்டீர்."

தில்லைவனத்துக்கு முகம் சிவந்தது. "சுருங்கித்தான் போயிற்று. நாம் கூடாரத்துக்கு வெளியே நிற்கிறோம். நட்சத்திரங்களுக்கு நடுவே அலைகிற நாடோடி வாயு நம் வானத்தின் உச்சியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதோ, பாருங்கள்."

சூரியன் இறங்கிவிட்டான். அப்படியும் வெகு உயரத்தில் மேகங்கள் வெள்ளி நூலாக மின்னின.

"அது வெயிலை மறைக்கிறது. பயிர் குளிரில் விறைக்கிறது. அடிவாரத்தில் பிள்ளைகள் கஞ்சிக்கு அழுகின்றன. நாம் அதை அழைத்தோமா? அதற்கு என்ன கெடுதல் செய்தோம்? இதைத் தடுக்கத் துப்பில்லாத சூரியனுக்கு நான் ஏன் தண்ணீர் விட வேண்டும்?"

"அந்த மேகம் எதனால் ஆனது?"

"பனித்துகள். தண்ணீர்தான்."

"வந்தது வாயு அல்லவா?"

"வந்த வாயு நம் பிராணவாயுவோடு கூடித் தண்ணீராகிறது. நீங்கள் சொன்னதுதான். அதற்கு நான் தூங்கவில்லை."

அம்மை செம்பை அவர் பக்கம் நகர்த்தினார். "குடியும். கத்திக் கத்தி நாக்கு வறண்டிருக்கும்."

பாதியை ஒரே மூச்சில் குடித்தார்.

"இது எங்கிருந்து வந்தது?"

"சுனையிலிருந்து."

"அதற்கு முன்னால்?"

"மழை."

"மழைக்கும் முன்னால்? இந்தப் பூமியே இல்லாதபோது?"

வாயைத் துடைக்கப் போன கை பாதியில் நின்றது. தில்லைவனம் மேலே பார்த்தார். பிறகு செம்பைப் பார்த்தார். கோபம் மட்டும் இறங்கவில்லை.

"இருக்கட்டும். இந்தத் தண்ணீரும் அதே நாடோடிதான். அதற்காகப் பிள்ளைகள் பட்டினி கிடக்க வேண்டுமா?"

அம்மை பதரை ஊதித் தள்ளிவிட்டு, மிஞ்சிய தினையை அவர் முன்னால் வைத்தார்.

"மிச்சத் தண்ணீரை உலையில் ஊற்றும். கஞ்சியை அடிவாரத்துக்குக் கொண்டுபோக ஆள் வேண்டும். நீர்தான் கிளம்புகிறேன் என்றீரே."