நாலாம் படிக்கு ஒரு பகையாளி வேணும்

கள்ளிப்பொட்டல் என்று ஒரு ஊர். அங்கே அறிவுக்குப் பஞ்சமே கிடையாது. இதைச் சொன்னது அந்த ஊர்க்காரர்கள்தான். வேறு யாரும் சொன்னதாகத் தகவல் இல்லை. பஞ்சமெல்லாம் தண்ணீருக்குத்தான். மூன்று வருஷமாக மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஊர்க் கிணற்றுக்குள் இறங்கி, பாய் விரித்துப் படுத்துத் தூங்கலாம் என்கிற நிலைமை.

தண்ணி லாரி கேட்டு மேலிடத்துக்கு மனுப் போடுவது என்று முடிவானது. எழுதினவர் ஊர்த்தலைவர் கொம்பையா. எடுத்த எடுப்பில் தண்ணீர் கேட்டால் மரியாதையாக இருக்காதே என்று, 'துன்பம் தாங்க முடியவில்லை ஐயா' என்று ஆரம்பித்து நாலு பக்கம் உருகித் தள்ளினார். உருகின உருக்கத்தில் தண்ணீர் என்ற சொல்லை மட்டும் எழுத மறந்துவிட்டார். படித்துப் பார்த்த மேலிடம், துன்பத்தைத் தாங்குவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஒரு அம்மாவை ஜீப்பில் ஏற்றி அனுப்பிவைத்தது. குற்றம் சொல்லக் கூடாது, கேட்டது கிடைத்தது.

இந்த ஊரில்தான் நம்ம மூக்காண்டி இருந்தான். அவனுக்குச் சொத்து என்று இருந்தது கருப்பாயி என்கிற எருமை ஒன்றுதான். நிறைசினை. இன்றைக்கோ நாளைக்கோ என்று நின்றது. ஒரு நாளைக்கு நாலு குடம் தண்ணீர் குடிக்கும். அந்தத் தண்ணீரும் சரி, ஊர் குடிக்கிற தண்ணீரும் சரி, பக்கத்து ஊர் பட்டமுத்து அண்ணாச்சியின் தோட்டத்துக் கிணற்றிலிருந்து வந்தது. அவர் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. மூக்காண்டிக்கு இருந்த ஒரே கவலை, கன்று பிறக்கிறவரை அந்தத் தண்ணீர் நிற்காமல் வரவேண்டும் என்பதுதான்.

வந்த அம்மா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கருணைத் தியானம் சொல்லிக்கொடுத்தார். ஊரே அந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு பாடம் கேட்டது. மொத்தம் நாலு படி. முதல் படியில் நமக்கு நாமே நல்லது நினைக்க வேண்டும். இரண்டாம் படியில் பிரியமானவருக்கு. மூன்றாம் படியில் முன்பின் தெரியாதவருக்கு. நாலாம் படியில் பகையாளிக்கு. பகையாளிக்காக மனசு இளகிவிட்டால் எந்தத் துன்பமும் நம்மை அண்டாது, ஒரு படியைத் தவறவிட்டாலும் பலன் இல்லை என்றார். "எல்லாப் படிக்கும் மூச்சுதான் ஆதாரம். என்ன ஆனாலும் மூச்சை விட்டுறாதீங்க" என்று சொல்லி ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

மூச்சை விடக் கூடாது என்று அம்மாவே சொன்ன பிறகு, சொன்ன சொல்லைத் தட்டாத உள்ளூர்ச் சொரிமுத்து விடுவானா? இழுத்த மூச்சை இழுத்தபடியே வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முகம் சிவந்தது, நீலமானது, பிறகு கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. எவ்வளவு வேகமாக முன்னேறுகிறான் பாருங்கள் என்று எல்லோருக்கும் பொறாமை. கடைசியில் மல்லாந்து விழுந்து மூச்சை விட்டுவிட்டான். வைராக்கியம் போதாது என்று ஊர் அவனைக் கண்டித்தது.

இரண்டாம் படியில் மூக்காண்டிக்குச் சிரமமே இல்லை. பிரியமானவரை நினை என்றதும் கருப்பாயியின் முகம் கொம்போடு வந்து நின்றுவிட்டது. அதைப் பெருமையாக வீட்டில் போய்ச் சொன்னான். அவன் பெண்சாதி உலகம்மா, "பதினஞ்சு வருசமா கஞ்சி காய்ச்சுதவ மூஞ்சி ஒமக்கு ஞாபகம் வரலியோ?" என்று கேட்டாள். அவன் நேர்மையாக யோசித்துப் பார்த்து, வரவில்லை என்றான். அன்றைக்கு அவனுக்குக் கஞ்சி கிடையாது.

மூன்றாம் படிக்கு முன்பின் தெரியாத ஆள் வேண்டுமே. ஊரில் எல்லோரும் தெரிந்தவர்கள். ரோட்டுக்குப் போய், மொபெட்டில் வந்த உப்புக்காரர் ஒருவரை மறித்தார்கள். அவர் பாவம், பயந்துபோய்த் தன் பெயர், ஊர், எத்தனை பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தெரிந்தவராகிவிட்டாரே, வீணாகிவிட்டதே என்று வருத்தப்பட்டு அனுப்பிவைத்தார்கள். அடுத்த ஆளைக் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு மறித்தார்கள். சுற்றிலும் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆறு பேரைப் பார்த்ததும் அந்த ஆள் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. மூன்றாம் படி சுத்தமாக முடிந்தது.

நாலாம் படியில்தான் முட்டியது.

"நம்ம ஊருக்குப் பகையாளி யாருவே?" என்று கேட்டார் கொம்பையா.

ஒருத்தரும் அகப்படவில்லை. பகை கொள்வதற்கும் ஒரு மதிப்பு வேண்டுமே. கள்ளிப்பொட்டலை அந்த அளவுக்கு எவனும் மதித்ததில்லை. வெகுநேரம் யோசித்த சொரிமுத்து, பகையாளியாக இருக்கச் சொல்லிப் பட்டமுத்து அண்ணாச்சியிடம் கேட்டுப் பார்க்கலாமே, எதைக் கேட்டாலும் அவர் இல்லையென்று சொன்னதில்லையே என்றான்.

மூக்காண்டி குறுக்கே விழுந்தான். "அவுகதானவே நமக்குத் தண்ணி தாறாக."

"அதனாலதான் சொல்லுதேன். பழக்கமில்லாத ஆளுகிட்டப் போயி இம்புட்டுப் பெரிய உதவியைக் கேக்க முடியுமா?"

ஊரே தலையாட்டியது, மூக்காண்டியும் சேர்ந்து ஆட்டினான்.

போய்க் கேட்டார்கள். பம்புசெட்டில் குளித்துக்கொண்டிருந்த பட்டமுத்து சிரித்துவிட்டார். உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே என்றார். அந்தக் குறையைத்தான் நிவர்த்தி செய்ய வேண்டும் என்று கொம்பையா பணிவாகக் கேட்டுக்கொண்டார். அண்ணாச்சி தலையைத் துவட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் இல்லையென்று சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் எல்லோருமாகப் போய் அவருடைய தோட்டத்தில் இரண்டு பாத்திக் கத்தரிச் செடிகளைப் பிடுங்கினார்கள். பிடுங்கின செடிகள் வாடிவிடக் கூடாது என்று நிழலில் அடுக்கி, ஈரச்சாக்கு போட்டு மூடினார்கள். பழி வேறு யார் மேலாவது விழுந்துவிடக் கூடாது என்று அங்கேயே வரிசையாகக் காத்திருந்தார்கள். பட்டமுத்து வந்தார், பார்த்தார். அவருக்கு நெஞ்சு கொதித்துவிட்டது. இனிமேல் ஒருத்தனும் குடத்தைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வரக் கூடாது என்று எல்லோரையும் வெளியே தள்ளித் தோட்டத்து வாசலில் இருந்த மூங்கில் படலைச் சாத்தினார். ரொம்ப உபகாரம் அண்ணாச்சி என்று வெளியிலிருந்து எல்லோரும் கும்பிட்டார்கள்.

அப்புறம் என்ன, படலுக்கு முன்னாலேயே நாலாம் படி ஆரம்பமானது. அண்ணாச்சி நல்லாயிருக்கட்டும், அவர் கிணறு ஊறட்டும் என்று கண்ணை மூடி நினைத்தார்கள். உள்ளே மோட்டார் ஓடி, தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. வெளியே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வீட்டில் மிச்சமிருந்த தண்ணீர் இரண்டே நாளில் தீர்ந்தது. கருப்பாயி காலித் தொட்டியை நக்கி நக்கிப் பார்த்துவிட்டு மூக்காண்டியைத் திரும்பிப் பார்த்தது. அவனுக்குத் தாங்கவில்லை, அழுதுவிட்டான். கொம்பையாவிடம் போய்ச் சொன்னதற்கு, துன்பம் வந்துவிட்டதல்லவா, அப்படியானால் தியானம் சரியான வழியில்தான் போகிறது என்று தட்டிக்கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலையில் பட்டமுத்து தாமாகவே படலைத் திறந்தார்.

"செடி போனாப் போகுது. வாயில்லா சீவன் என்னப்பா பண்ணும்? குடத்தை எடுத்துட்டு வாங்க."

எல்லோருக்கும் தூக்கிவாரிப்போட்டது. பாடுபட்டுச் சம்பாதித்த பகையாளி கைநழுவிப் போகிறாரே. ஓடிப்போய்ப் படலை வெளியிலிருந்து சாத்தினார்கள். "இன்னும் ஒரு வாரமாவது பகையா இருங்க அண்ணாச்சி. மனசு இப்பத்தான் இளகிட்டு வருது" என்று கெஞ்சினார் கொம்பையா. அவர் உள்ளேயிருந்து திறக்க, இவர்கள் வெளியேயிருந்து சாத்த, படல் பாடு பெரும்பாடு. மூக்காண்டியும் சேர்ந்துதான் தள்ளினான். மனசு மட்டும் மறுபக்கத்திலிருந்து இழுத்தது.

அந்த நேரத்தில் உலகம்மா ஒரு கையில் கருப்பாயியின் கயிறும் இடுப்பில் குடமுமாக வந்துசேர்ந்தாள். தண்ணீர் வாடை பிடித்த எருமை ஒரு முட்டு முட்டியது. படலும் நாலைந்து தியானிகளும் ஓரமாக விழுந்தார்கள். கருப்பாயி தொட்டியில் முகத்தைப் புதைத்து உறிஞ்ச, உலகம்மா குடத்தை நிரப்பினாள்.

"மூக்காண்டி, ஒன் எருமையும் பொண்டாட்டியும் பகையாளி பக்கம் சேந்துட்டாகளே" என்றார் கொம்பையா, மண்ணைத் தட்டிக்கொண்டே.

எருமை குடித்த குடியில் மூக்காண்டிக்கு உயிர் வந்திருந்தது. இருந்தாலும் தலைவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. அங்கேயே உட்கார்ந்து, கண்ணை மூடிப் பகையாளியை நினைத்தான். உலகம்மாவின் முகம் பளிச்சென்று வந்து நின்றது. மனசு என்னமாய் இளகிப்போனது என்கிறீர்கள்! குதித்தெழுந்து அவளிடம் ஓடினான்.

"ஏட்டி, ஒன் மூஞ்சி தியானத்துல வந்துட்டுது."

உலகம்மாவுக்குக்கூடக் கோபம் கொஞ்சம் இறங்கியது. "எந்தப் படியில?"

"நாலாம் படியில."

இடுப்பில் இருந்த குடம் அப்படியே அவன் தலையில் கவிழ்ந்தது.

ஊரே வாயைப் பிளந்தது. நாலாம் படியை முழுசாக முடித்தவன் மூக்காண்டி ஒருத்தன்தான். முடித்த நிமிஷமே மேலிருந்து தண்ணீர் கொட்டியதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். கொம்பையா அங்கேயே உட்கார்ந்து மேலிடத்துக்கு அடுத்த மனுவை எழுதினார். இந்தத் தடவை தண்ணீர் என்ற சொல்லை அவர் மறக்கவில்லை: 'தியானத்தில் தண்ணீர் வந்துவிட்டது, ஆகையால் லாரி அனுப்ப வேண்டாம்.' எல்லோரும் வரிசையாக வந்து பெருவிரல் ரேகை வைத்தார்கள். நனைந்துபோயிருந்ததால் மூக்காண்டியின் ரேகை மட்டும் சரியாக விழவில்லை.