முடிசூட்டுப் பாட்டில் ஒரு மெல்லிய வரி

இங்கிலாந்தில் ஒரு ராஜாவுக்கு முடிசூட்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. எந்த ராஜா என்று சரித்திரப் புத்தகத்தில் தேட வேண்டாம். இது கதை.

அரண்மனைப் பாடகர் குழுவுக்கு ஆம்புரோஸ் என்பவர் தலைவர். இரண்டு ராஜாக்களுக்கு முடிசூட்டுப் பாட்டு எழுதியவர். இப்போது கை நடுங்கியது. மூன்றாவது பாட்டை நத்தானியேல் எழுதட்டும் என்று சொல்லிவிட்டார். நத்தானியேல் அவரிடம் பதினைந்து வருடம் பயின்றவன், நாற்பது வயதுக்காரன். முடிசூட்டு விழா எதையும் இதுவரை பார்த்ததில்லை.

குருவின் பழைய பாட்டுகள் இரண்டையும் நத்தானியேல் எடுத்துப் பார்த்தான். பாட்டின் சொற்களை மாற்ற முடியாது, அவை தேவாலயத்து ஆயர்கள் கொடுப்பவை. நடுவில் ஒரு வரி, ராஜா இரக்கமுள்ளவராக இருக்க வேண்டும் என்று கடவுளிடம் கேட்கிறது. இரண்டு பாட்டிலும் சரியாக அந்த வரியில்தான் நான்கு முரசும் பத்து எக்காளமும் சேர்ந்து முழங்கின.

“ஐயா, இரக்கத்தைப் பாடும் இடத்தில் முரசு எதற்கு?”

“வேண்டும்.”

“சொல்லே கேட்காதே.”

“கேட்க வேண்டாம். நீயும் அங்கே முரசு வை.”

நத்தானியேலுக்கு எரிச்சல் வந்தது. அரண்மனைச் சோறு கிழவரின் காதை மந்தமாக்கிவிட்டது என்று சக பாடகர்களிடம் சொல்லிச் சிரித்தான். அவர்களும் சிரித்தார்கள். பெரியவரைப் பற்றிப் பேச யாருக்குத்தான் ஆசையில்லை?

ஆனால் அவன் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அவன் தாயின் இரண்டாவது கணவருக்குப் பிறந்த தம்பி ஹம்ப்ரி சிறையில் கிடந்தான். ரொட்டி விலையைப் பற்றி ராஜாவைத் திட்டித் துண்டுத்தாள் அச்சடித்த குற்றம், தூக்குத் தண்டனை. விழா நாளில் கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு உண்டு. சில பெயர்களை மட்டும் விலக்கிவிடுவார்கள். தம்பியின் பெயர் அதில் இருக்குமோ என்று நத்தானியேல் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தான். இருவருக்கும் குடும்பப் பெயர் வேறு. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை.

ஆகவே அந்த ஒரு வரியில் தன்னிடம் இருந்த வித்தையை எல்லாம் கொட்டினான். முரசு இல்லை, எக்காளம் இல்லை. ஆறு குரல்கள் மட்டும், மெல்ல. ராஜா கேட்டால் மனம் இளகுவார் என்று நம்பினான்.

ஒத்திகையில் அந்த வரி வந்தபோது, தேவாலயத்தில் மேடை கட்டிக்கொண்டிருந்த தச்சர்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்கள். ஆம்புரோஸ் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும், “முரசு வைக்கச் சொன்னேனே” என்றார்.

“வைக்க மாட்டேன் ஐயா. இந்த வரி ராஜாவின் காதில் விழ வேண்டும்.”

அவர் தாளை வாங்கினார். இறகுப் பேனாவை மையில் தோய்த்தார். அவர் வெகுநேரம் தாளையே பார்த்தார். பிறகு பேனாவைத் துடைத்து வைத்தார்.

“இருக்கட்டும்” என்றார்.

விழா நாளில் தேவாலயத்தின் மேல்மாடத்தில் ஆறு பேரில் ஒருவனாக நத்தானியேல் நின்றான். வரி தொடங்கியதும் கூட்டம் அடங்கியது. அப்போது கீழே ஓர் அதிகாரி ஒரு தாளை விரித்துப் படிக்கத் தொடங்கினார். மன்னிப்பு இல்லாதவர்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் தேவாலயத்தின் நான்கு மூலையிலிருந்து நான்கு காவலர்கள் “கேட்டது” என்றார்கள்.

மூன்றாவது பெயர் ஹம்ப்ரி.

“கேட்டது” என்றார்கள் நால்வரும்.

நத்தானியேலின் வாய் பாடிக்கொண்டிருந்தது. ராஜா கையுறையின் பொத்தானைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்தபின், பாடகர்கள் உடை மாற்றும் அறையில் ஆம்புரோஸ் தனியாக உட்கார்ந்திருந்தார்.

“அது என்ன வழக்கம், ஐயா?”

“பழைய சட்டம். இரக்கத்தைப் பாடும்போதே பெயர்களைப் படித்துவிட வேண்டும். நால்வரில் ஒருவருக்குக் கேட்காவிட்டாலும் அந்தப் பெயருக்கு மன்னிப்பு. போன முறை பதினொரு பெயர். ஒன்றும் கேட்கவில்லை.”

“இன்றைக்கு?”

“ஒன்பது. ஒன்பதும் கேட்டது.”

“மூன்றாவது பெயர் என் தம்பி.”

ஆம்புரோஸ் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “எனக்குத் தெரியாது” என்றார். “நீ சொல்லவில்லை.”

“நீங்களும் சொல்லவில்லை.”

“முரசை வேண்டுமென்றே வைக்கிறேன் என்று வெளியே தெரிந்தால் எனக்கும் கயிறுதான். அதனால் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.”

நத்தானியேல் அழவில்லை. அழுகை வந்திருந்தால் தேவலை.

“சொல்ல வேண்டாம். பேனாவைக் கையில் எடுத்தீர்களே. நாலு கோடு போட்டு முரசை எழுதியிருக்கலாமே. தடுக்க நான் யார்? ஏன் எழுதவில்லை?”

கிழவர் பெஞ்சிலிருந்து கையை எடுத்தார்.

“அவ்வளவு அழகாக இருந்தது, நத்தானியேல். முழுசாக ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டேன்.”