நாற்காலி கேட்ட பன்னீர்ச் செம்பு

கருங்காட்டூர் சமஸ்தானத்தில் பங்குனி பிறந்தால் முதலில் வெடிப்பது வயல் அல்ல, ராணி குமுதவல்லியின் கன்னம்.

அதற்குப் பூச்சு செய்து வந்தவள் அந்தப்புரத்து வெள்ளைத்தாயி. சோற்றுக்கற்றாழையைச் சீவி, ஏழு தண்ணீரில் அலசி, தேனும் நல்லெண்ணெயும் விட்டு அடித்துக் காலையில் பூசுவாள். பிசுபிசுக்கும். எண்ணெய் வாடை வீசும். ராணி முகத்தைச் சுளிப்பார். சுளிக்க முடிந்ததே அந்தப் பூச்சினால்தான் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

இந்த நிலையில்தான் அத்தர் ஆனந்தப்பன் வந்து சேர்ந்தான். கையில் அரக்கு முத்திரை வைத்த வெள்ளிப் பன்னீர்ச் செம்பு. கூடவே, அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதிய ஒரு சீட்டு.

"பனி மாதிரி முகத்தில் இறங்கும், மகாராஜா. பிசுபிசுப்புக் கிடையாது. ராணியம்மா முகம் தாமரை இலை மாதிரி ஆகிவிடும்."

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாதே என்று நினைத்துக்கொண்டார் ராயசம் சிற்றம்பலம் பிள்ளை. அரண்மனை ஓலைகளையெல்லாம் எழுதுகிறவர் அவர். இருபத்திரண்டு வருஷமாக நின்றுகொண்டே எழுதுகிறார். அந்தச் சபையில் மன்னர் பூலோகசிங்கத்தைத் தவிர யாரும் உட்காரக் கூடாது. இரண்டு முழங்காலும் ராயசத்தோடு பேச்சுவார்த்தையை நிறுத்திப் பல காலம் ஆகிறது.

"என்ன சன்மானம் வேண்டும்?" என்றார் மன்னர்.

"சபையில் ஒரு நாற்காலி, மகாராஜா. அந்தப்புரத்து அலங்கார அதிகாரமும்."

ராயசத்தின் முழங்கால் ஒரு முறை துடித்தது.

"தெளித்துப் பார்த்துவிடலாமே" என்றார் மன்னர்.

"வருஷப் பிறப்பு விருந்துக்கு வரும் சம்பந்திகள் முன்னால்தான் முத்திரை உடைக்கணும். நேரம் குறித்தாயிற்று."

சம்பந்திகள் முன்னால் ராணியின் கன்னம் வெடித்தால் என்ன ஆகும் என்று மன்னருக்குத் தெரியும். அவர் திரும்பினார்.

"ஓய் ராயசம், இதை நீர் சொல்லும். முத்திரையை உடைக்கக் கூடாது, மோந்து பார்க்கக் கூடாது. சீட்டைப் படித்தே சொல்லும். இது முகத்தில் ஈரத்தை நிறுத்துமா? நிறுத்தும் என்றால் வெள்ளைத்தாயி நாளையே ஊருக்குப் போகலாம்."

திரைக்குப் பின்னால் ஒரு வளையல் சத்தம் நின்றது. பஞ்சத்தில் வந்து சேர்ந்தவள் வெள்ளைத்தாயி. போவதற்கு அவளுக்கு ஊர் கிடையாது. அது ராயசத்துக்குத் தெரியும்.

அவர் சீட்டை வாங்கினார்.

"இருபத்தொரு சரக்கு. நல்ல கையெழுத்து. ஆனந்தப்பரே, இதை எந்த வரிசையில் எழுதினீர்?"

"எங்கள் தொழில் வழக்கப்படிதான். அதிகம் சேர்வது முதலில், குறைவாகச் சேர்வது கடைசியில்."

"நல்ல வழக்கம். மகாராஜா, மூன்று பேரைக் கூப்பிட உத்தரவு வேண்டும். நாவிதர், கோயில் குருக்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செவிலி."

மூவரும் வந்தார்கள்.

"படிகாரத்தை எதற்குத் தேய்க்கிறீர்?" என்று நாவிதரைக் கேட்டார்.

"சவரம் பண்ணின இடம் காய்ந்து இறுகத்தான் சாமி."

"குருக்களே, கற்பூரம் எரிந்தபின் தட்டில் என்ன மிச்சம்?"

"ஒன்றுமில்லை. கொளுத்தாமல் திறந்து வைத்தாலே காற்றோடு போய்விடும்."

"செவிலியம்மா, பிள்ளைக்கு வேர்க்குரு வந்தால்?"

"சந்தனம் போடுவேன் ஐயா. ஒரே நாளில் உலர்த்திவிடும்."

ராயசம் சீட்டை மன்னரிடம் நீட்டினார். "முதலில் பன்னீர். அது வந்த வழியே ஆவியாகப் போய்விடும். அடுத்து நிற்பவை படிகாரம், கற்பூரம், சந்தனம். இருக்கிற ஈரத்தையும் கையோடு கூட்டிப் போகும். குங்குமப்பூவும் முத்துப் பஸ்பமும் வேடிக்கை பார்க்க வந்தவை. ஈரத்தைப் பிடித்து வைக்கக்கூடியது தேன் ஒன்றுதான். அது இருபத்தொன்றாவது இடத்தில் நிற்கிறது. மூடிவைக்க எண்ணெய் ஒரு சொட்டுக்கூட இல்லை."

"நின்று நின்று காய்ந்துபோனவருக்கு என் நாற்காலிமேல் பொறாமை" என்றான் ஆனந்தப்பன்.

"பொறாமைதான், மறுக்கவில்லை" என்றார் ராயசம். "அதனால் நானே சிபாரிசு செய்கிறேன். இவருக்கு இப்போதே நாற்காலி கொடுங்கள், மகாராஜா. இவர் தெளித்த ஈரம் ராணியம்மா கன்னத்தில் இருக்கும்வரை இவர் உட்காரட்டும்."

"நல்ல நேரம் குறித்தாயிற்று என்றானே?" என்றார் மன்னர்.

ஆனந்தப்பன் நாற்காலியைப் பார்த்தான். "உட்காரச் சொன்னால் அதுவே நல்ல நேரம், மகாராஜா."

ராணி வந்தார். அன்று காலை எதுவும் பூசியிருக்கவில்லை. ஆனந்தப்பன் முத்திரையை உடைத்து வலது கன்னத்தில் தெளித்தான். இடது கன்னத்தில் வெள்ளைத்தாயி தன் கற்றாழையைப் பூசினாள். ஆனந்தப்பன் நாற்காலியில் அமர்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டான். மன்னர் ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டார்.

"ஜிலுஜிலுவென்று இருக்கிறது" என்றார் ராணி.

ஆனந்தப்பன் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டான்.

மன்னர் வெற்றிலையை மென்று முடிக்கவில்லை. ராணி வலது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "இந்தப் பக்கம் இழுக்கிறதே. சிரித்தால் கிழிந்துவிடும் போலிருக்கிறது."

"எழுந்திருங்கள் ஆனந்தப்பரே" என்றார் ராயசம், மரியாதையாக.

அவன் எழுந்தான். செம்பையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு வெளியேறியபோது அவனை யாரும் தடுக்கவில்லை.

மன்னர் ராணியின் இடது கன்னத்தைப் பார்த்தார். அது மினுமினுத்தது. "இதே சன்மானம் வெள்ளைத்தாயிக்கும் உண்டு. ஈரம் இருக்கும்வரை அவள் அந்த நாற்காலியில் உட்காரட்டும்."

"நாற்காலி போதாது, மகாராஜா" என்றார் ராயசம். "பாயும் தலையணையும் போடச் சொல்லுங்கள். பாவம், விடியும்வரை அவள் எழுந்திருக்க முடியாது."

ராணிதான் முதலில் சிரித்தார், இடது பக்கமாக மட்டும். மன்னருக்குப் புரை ஏறிவிட்டது. வெள்ளைத்தாயிக்கு அலங்கார அதிகாரம் கிடைத்தது. நாற்காலி வேண்டாம், அரைக்கத் தரைதான் வசதி என்று அவள் சொல்லிவிட்டாள்.

"அப்படியானால் நீர் உட்காரும் ராயசம்."

"எதுவரைக்கும், மகாராஜா?"

"உமது நாக்கு காயும்வரை."

அந்த நாற்காலி அதன்பின் காலியானதே இல்லை.