முகட்டில் ஏறிய மகாராஜா

மயிலாடிக்கோட்டை என்று ஒரு சின்ன ராஜ்யம். மலையடிவாரம் என்பதால் வருஷத்தில் ஐந்து மாதம் மழை. ராஜ்யம்தான் சின்னது, சட்டங்களுக்குக் குறைச்சல் இல்லை. அதில் மிக உயர்ந்த சட்டம் இது: அரசர் தலைக்கு மேலே எவர் காலும் இருக்கக்கூடாது. அரசர் உதயசேகர பூபதியின் கொள்ளுத்தாத்தா போட்டது. அதனால் அரண்மனைக்கு மாடி கிடையாது. கூரைமேல் ஆள் ஏறியதும் கிடையாது. அரசர் வெளியூர் போனால் அவருடைய தலைப்பாகை சிம்மாசனத்தில் இருக்கும். தலைப்பாகைக்கும் அதே மரியாதை. காக்கைகளுக்கு மட்டும் யாரும் இந்தச் சட்டத்தைப் படித்துக் காட்டவில்லை.

மூன்று தலைமுறையாக யாரும் தொடாத கூரை எப்படி இருக்கும்? முகட்டோடுகள் தேய்ந்து, விரிசல் விட்டு, பாசி பிடித்துக் கிடந்தன. மடைப்பள்ளிப் புகைபோக்கியைச் சுற்றியிருந்த சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தே போயிற்று. புகை மேலே போவதற்குப் பதிலாக மழை கீழே வந்தது. அதுவும் நேராக ரச அண்டாவுக்குள்.

ஐப்பசியில் ஒருநாள் அரசர் ஒரு வாய் ரசம் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"இது ரசமா, கைகழுவ வைத்த தண்ணீரா?"

அரண்மனை மணியக்காரர் பஞ்சநதம் காத்திருந்தவர்போல முன்னால் வந்தார். ஒன்பது வருஷமாகக் கட்டடம், மராமத்து எல்லாம் அவர் பொறுப்பு. செய்தது என்ன என்று மட்டும் கேட்கக்கூடாது.

"மிளகும் பருப்பும் சமையற்காரி வீட்டுக்கு நடந்து போனால் அண்டாவில் தண்ணீர்தானே மிஞ்சும், பிரபு? நாச்சாயியை அனுப்பிவிட்டு என் மைத்துனரை அடுப்படிக்கு வைத்துப் பாருங்கள்."

நாச்சாயி ஓடிவந்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"சாமி, இருபது வருசமா இந்த அடுப்புல வேகுறேன். ஒத்த மொளகு எடுத்ததில்ல. மேலேருந்து மழை ஊத்துது, நான் என்ன பண்ணுவேன்? திருடின்னு பேரு வாங்கிட்டு வெளிய போனா, இந்த ஊருல எவ வீட்டு அடுப்பும் எனக்குக் கிடைக்காது."

அரசருக்கு யோசனை சொல்ல மருதவாணர் என்று ஒருவர் இருந்தார். ஒல்லியான உடம்பு, ஓயாத வாய். அவர் எழுந்தார்.

"பிரபு, ஒழுகுவது கூரை. மாற்றப்போவது சமையற்காரியையா? இதே முறையில் வைத்தியம் பார்த்தால் பல்வலிக்காரனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் பல்லைப் பிடுங்க வேண்டும்."

"சட்டம் இருக்கிறதே, ஓய்!" என்றார் அரசர். "நாளை மதியத்துக்குள் கூரையைச் சரிசெய்யும். என் தலைக்கு மேலே எவர் காலும் போகக்கூடாது. போனால் அந்தக் காலும் இருக்காது, உம் காலும் இருக்காது. முடியாவிட்டால் நாச்சாயி வெளியே."

பஞ்சநதம் அன்று வீட்டுக்குப் போனபோது மைத்துனருக்குக் கரண்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததாகக் கேள்வி.

மறுநாள் காலை மருதவாணர் ஏணியோடு வந்தார். கூடவே ஓடு வேய்கிற சடையாண்டி.

"ஏறுங்கள், பிரபு."

"நானா?"

"தாங்கள் முதலில் ஏறி உச்சி முகட்டில் அமர்ந்துவிட்டால், அதற்குமேல் ஆகாயம்தான். சடையாண்டி எந்த ஓட்டில் கால் வைத்தாலும் தங்கள் தலைக்குக் கீழேதான்."

பஞ்சநதம் ஓடிவந்து ஏணியை மறித்தார். "வேண்டாம் பிரபு! வழுக்கும்! பக்கத்து நாட்டார் சிரிப்பார்கள்!"

"சிரிக்கட்டும். அவர்கள் வீட்டுக் கூரை ஒழுகுவதில்லை, சிரிக்க நேரம் இருக்கும்," என்றார் மருதவாணர்.

சின்ன வயதில் ஒரு மாமரம் ஏறக்கூட விடாமல் வளர்க்கப்பட்ட அரசருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. வேட்டியை மடித்துக் கட்டி ஏறினார். குதிரைமேல் உட்காருவதுபோல முகட்டில் இருபுறமும் காலைப் போட்டு உட்கார்ந்தார். சடையாண்டி பின்னால் ஏறி, சுண்ணாம்பும் கடுக்காய்ச் சாறும் குழைத்து, புகைபோக்கியின் அடியைச் சுற்றி வழித்துப் பூசினான். பிறகு உடைந்த முகட்டோடுகளைப் பெயர்த்து எடுத்தான்.

"புது முகட்டோடு குடுங்க சாமி!"

"மணியக்காரரே, ஓடு எங்கே?" என்று மேலேயிருந்து கேட்டார் அரசர். "கூரையில் ஆள் ஏறாவிட்டாலும் சூளையிலிருந்து வருஷா வருஷம் மயில் முத்திரை போட்டு அனுப்புகிறார்களே?"

"பத்திரமாக இருக்கிறது, பிரபு. பத்திரமாக... அப்புறம் எடுத்து வருகிறேன்."

அரசர் அப்போதுதான் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். மதிலுக்கு அந்தப் பக்கம், கீழ்த்தெருவில், செக்கச்செவேலென்று ஒரு கூரை. அதன் முகடு நெடுக வரிசையாக முத்திரை மயில்கள்.

"பஞ்சநதம், அது உம் வீடுதானே?"

"பா... பாதுகாப்புக்காக வைத்தேன், பிரபு."

"உண்மைதான், பிரபு," என்று ஏணியில் நின்றபடி மருதவாணர் பரிந்து பேசினார். "சும்மா போட்டால் களவு போய்விடும் என்று கூரைமேல் ஒவ்வொன்றாகப் பதித்து வைத்திருக்கிறார். அதுவும் போதாதென்று, ஒன்பது வருஷமாகக் குடும்பத்தோடு அடியிலேயே படுத்துக் காவல் காக்கிறார். இப்படி ஒரு விசுவாசியை எங்கே தேடுவது?"

அரசர் வெடித்துச் சிரித்தார். முகடு கிடுகிடுத்தது.

"சிரிக்காதீங்க சாமி! இன்னும் ஓடு பதிக்கல, கட்டை ஆடுது!" என்று சடையாண்டி அலறினான்.

அரசர் வாயைப் பொத்திக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "நாச்சாயி திருடியல்ல. அவள் அடுப்பு அவளுக்கே. மணியக்காரர் இன்றைக்கே ஏறி, தன் கையாலேயே மயில்களை இறக்கட்டும்."

"பிரபு, மழைக்காலம்! என் வீட்டு முகடு மொட்டையாகிவிடுமே!"

"அப்படி விடலாமா?" என்று மருதவாணர் பதறினார். "அரண்மனையின் பழைய ஓடுகளை இவருக்கே கொடுத்துவிடுங்கள், பிரபு. அத்தனையும் மகா புனிதமானவை. மூன்று தலைமுறையாக எவர் காலும் பட்டதில்லை."

அரசர் மறுபடி சிரித்தார். இந்தத் தடவை சடையாண்டி அதட்டவில்லை. அவனும் புகைபோக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.